பனி செதுக்கிய தரை

மேஸ்திரி பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். இல்லை நாலு என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவள் அவருடைய அக்கா ஒருத்திதான். அவள் பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சர். அவள் வீடு கடலோரத்து மேட்டின் விளிம்பில் இருந்தது. மேடு என்றதும் பாறை என்று நினைத்துவிட வேண்டாம். களிமண்ணும் கூழாங்கல்லும் சேர்த்துப் பிசைந்து வைத்த மண். மழைக்காலம் வந்தால் அலை அதன் அடியைக் கடிக்கும், மேலே ஒரு துண்டு சரியும். முதலில் வேலி போனது. அப்புறம் துணி காயப்போடும் கம்பம். இப்போது சமையலறைக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு ஆள் ஒண்டி நடக்கத்தான் இடம்.

"நான் இருக்கும்போது உன் வீடு போயிடுமா? ஒரு சுவர் எழுப்பறேன். வர்ற அலை முட்டிட்டு, மண்டையத் தடவிக்கிட்டுத் திரும்பிப் போகட்டும்" என்றார் மேஸ்திரி.

எழுப்பினார். சும்மா சொல்லக்கூடாது, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் மயிரிழை விலகாத சுவர். கல்லுக்கு அவர் எங்கும் அலையவில்லை. மேட்டின் அடியில் கரை நெடுகப் பெரிய பெரிய பாறாங்கற்கள் கோணல்மாணலாகக் கிடந்தன. கோணலாகக் கிடக்கும் எதைக் கண்டாலும் மேஸ்திரிக்குக் கை பரபரக்கும். ஆட்களை விட்டு அத்தனையையும் உடைத்துச் சதுரமாகச் செதுக்கிச் சுவரில் வைத்துவிட்டார். கரை துடைத்துவிட்டது போலானது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, மனிதர் சறுக்கியது இங்கேதான். ஒழுங்கின் மேல் இப்படிப் பைத்தியம் பிடித்தவனைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பைச் செய்யத் தோன்றாது.

அதுவரை அலை அந்தக் கோணல் கற்களில் மோதி, நுரைத்து, களைத்துப்போய்த்தான் மேட்டைத் தொடும். இப்போது வழியில் தடுக்க எதுவுமில்லை. முழு வேகத்தில் வந்து சுவரில் அறைந்தது. அறைந்த தண்ணீர் கீழே விழுந்து சுவரின் காலடியைத் தோண்டியது. மேஸ்திரி மணல் கொட்டினார், கடல் வாரிக்கொண்டு போனது. ஜல்லி கொட்டினார், அதுவும் போனது. கடல் உள்வாங்கும் நேரமெல்லாம் அந்தப் பள்ளத்தில் இறங்கிச் சுவருக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். "போதும்டா, மேல வா" என்று அக்கா விளிம்பில் நின்று கூப்பிடுவாள். காதில் போட்டுக்கொண்டால்தானே!

ஒரு நாள் காலையில் சுவர் குப்புறக் கிடந்தது. மேஸ்திரி இறங்கிப் போனார். மணல், களிமண் எல்லாவற்றையும் கடல் வழித்தெடுத்திருந்தது. அடியில் கருங்கல் தரை தெரிந்தது. வழவழவென்று இழைத்த தரை. அதில் நீள நீளமாகக் கோடுகள், எல்லாம் ஒரே திசையில் கடலைப் பார்த்து ஓடின. அவர் குனிந்து ஒரு கோட்டில் விரலை வைத்து ஓட்டிப் பார்த்தார்.

"அக்கா, கொஞ்சம் இறங்கி வாயேன். எனக்கு முன்னாடி எவனோ இங்க வேலை பாத்திருக்கான். சரியான கைகாரன். யாரு அவன்?"

அக்கா வந்து பார்த்தாள். "பனி" என்றாள்.

"விளையாடாத."

"நிஜமாத்தான்டா. முப்பது கோடி வருஷத்துக்கு முன்னாடி, நம்ம நாடு தென் துருவத்துக்குப் பக்கத்துல இருந்தப்ப, இங்க பனியாறு இருந்துச்சு. மலை உயரத்துக்குப் பனிக்கட்டி, மெதுவா ஊர்ந்து வந்திருக்கு. அடியில சிக்கின கல்லுங்க தரையக் கீறின கோடு இது. இந்த மேட்டு மண்ணு, நீ உடைச்ச பாறாங்கல்லு, எல்லாமே அது இழுத்துட்டு வந்து, உருகும்போது விட்டுட்டுப் போனது."

"அந்தக் கல்லு இந்தப் பக்கத்துக் கல்லே இல்லன்னு உடைக்கும்போதே தெரிஞ்சுது. லாரி வராத காலத்துல யாரு கொண்டுவந்து போட்டாங்கன்னு யோசிச்சேனா, மடையன்!"

மேஸ்திரி அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று கேட்டிருக்கிறார். இங்கே மலையளவு பனியல்லவா ஊர்ந்திருக்கிறது! அது கொண்டுவந்து கொட்டியதைக் கடல் எடுக்கிறது. எடுத்ததை அரைத்து மணலாக்கி, அடுத்த வளைவில் கரையாகப் பரப்புகிறது. பிள்ளைகள் ஓடி விளையாடும் அந்த மணற்கரை இந்த மேடுதான். ஒரு பிடி மண் வீணில்லை, அவசரம் இல்லை, மேற்பார்வைக்கு ஆளில்லை. இப்படி இரண்டு வேலைக்காரர்களை அவர் தன் ஆயுளில் கண்டதில்லை. பொறாமைகூட வரவில்லை. கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

நிமிர்ந்து பார்த்தார். மேலே சமையலறைச் சுவரின் மூலையில் வெடிப்பு விட்டிருந்தது.

"அக்கா, என்னால முடியாது" என்றார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து அவரே கேட்டதில்லை. "இன்னொரு சுவர் கட்டினாலும் இதே கதிதான். கல்ல பழையபடி இறைச்சுப் போட்டா கொஞ்ச காலம் தாங்கும், அப்புறம் அதுவும் போயிடும். வீட்டப் பிரிச்சிடலாம். உள்ள தள்ளி ஒண்ணு கட்டித் தரேன்."

அக்கா அழுதாள். வீட்டுக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்து அவர் தலை குனிந்துகொண்டார்.

"நான் சொன்னா கேக்க மாட்டே, இத நீயா சொல்லணும்னுதான் காத்துட்டு இருந்தேன்" என்றாள். "வீடு போனா போகுது. நீ அந்தப் பள்ளத்துல இறங்கறப்பல்லாம் நான் மேல நின்னு செத்துச் செத்துப் பிழைச்சேன்டா."

மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். நேற்று அவர் நின்று முட்டுக் கொடுத்த இடத்தில் ஆள் உயரத்துக்குக் கல் குவிந்து கிடந்தது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார். ஏறியதும் ஏணியைச் சாய்த்துச் சமையலறைக் கூரையின் முதல் ஓட்டைக் கழற்றினார். அக்கா கீழே நின்று கையில் வாங்கிக்கொண்டாள்.