மச்சான் வீட்டுக்குப் போன நாற்காலி

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. பயத்திலேயே பாதி உயிர் போன ஒருவனின் கதை சொல்கிறேன். நீங்கள் பயப்படாமல் கேளுங்கள்.

அவன் முடி திருத்துகிறவன். கடையைப் பெரிதாக்க வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. செல்போன் அடித்தாலே கத்தரி கையிலிருந்து நழுவும். வேறு வழியில்லாமல் திவால் மனு போட, மனைவியோடு வக்கீல் அம்மாவைப் பார்க்கப் போனான்.

"மேடம், என்னை ஜெயில்ல போட்டுடுவாங்களா?"

"கட்ட முடியலைங்கறதுக்காக யாரும் ஜெயில்ல போட மாட்டாங்க."

"பாத்திரம் பண்டமெல்லாம்?"

"உங்க வீட்டுச் சட்டியை வச்சு அவங்க என்ன பண்ணப் போறாங்க?"

"கடன் இவ தலையில விழுமா?"

"கடன் பத்திரத்துல அவங்களும் கையெழுத்துப் போட்டிருந்தாத்தான்."

"நல்லவேளை, அன்னிக்கு நான் கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டேன்" என்றாள் மனைவி.

வக்கீல் சிரிக்கவில்லை. "இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். சமீபத்துல எதையாவது யார்கிட்டயாவது கொடுத்து வச்சிருக்கீங்களா? மறைச்சது தெரிஞ்சா மனு போச்சு. உங்க மேல கேஸும் வரும்."

அவன் மனைவியைப் பார்த்தான். கடையின் சுழல் நாற்காலியை ஜப்தி செய்துவிடுவார்களோ என்று பயந்து, போன வாரம்தான் அதை மச்சான் வீட்டில் கொண்டுபோய் வைத்திருந்தான். அது இல்லாமல் பிழைப்பே இல்லை. வருகிறவர்களைச் சமையலறை ஸ்டூலில் உட்காரவைத்து, முதுகு ஒடிய வெட்டிக்கொண்டிருந்தான்.

"இல்ல மேடம்" என்றான். மனைவி அவன் தொடையைக் கிள்ளினாள்.

"சரி, நாளைக்கு வந்து கையெழுத்துப் போடுங்க."

வெளியே வந்ததும் படிக்கட்டிலேயே சரிந்து உட்கார்ந்தான். "இப்ப நான் திருடனா?"

"இன்னும் கையெழுத்துப் போடலையே. எழுந்திரிங்க, என் தம்பி வீட்டுக்குப் போவோம்."

மச்சான் அந்த நாற்காலியில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். "எந்த நாற்காலி மாமா? இது என்னோடது. வேணும்னா கோர்ட்ல போய் ஒளிச்சு வச்சேன்னு சொல்லுங்களேன்."

மச்சான் தண்ணீர் குடிக்க எழுந்தானோ இல்லையோ, அக்காக்காரி ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, இறங்கு. வீட்டுக்கு ஆள் வர்றாங்க."

"வரட்டும். வர்றவங்களுக்கு இங்கயே முடி வெட்டி விடறோம். இல்லேன்னா என்னையும் சேர்த்துத் தூக்கிப் போடு. போன வருஷத்தைவிட கனமாயிட்டேன், பார்த்துத் தூக்கு."

சாப்பாட்டு நேரமும் கடந்தது. அவள் அசையவில்லை. மச்சான்தான் அலுத்துப்போய், எடுத்துக்கொண்டு போகச் சொன்னான்.

எந்தத் தெரு பார்க்கக் கூடாதென்று பயந்தானோ, அதே தெரு வழியாக நம்ம ஆள் பட்டப்பகலில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். வந்ததும் போன் போட்டான்.

"மேடம், உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

நாற்காலி மச்சான் வீட்டுக்குப் போய் வந்த கதையை ஒன்றுவிடாமல் சொன்னான்.

"கையெழுத்துக்கு முன்னாடி சொன்னீங்க, பிழைச்சீங்க. அதையும் சேர்த்து எழுதறேன். தொழில் சாமான்னு விட்டுடச் சொல்லிக் கேட்டுப் பார்ப்போம்."

"விடலைன்னா?"

"அதை என்னால சொல்ல முடியாது."

சாமான்களைக் கணக்கெடுக்கக் கோர்ட்டிலிருந்து அதிகாரி வந்த அன்று அவன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவர் நாற்காலியைச் சுற்றி வந்தார். மிதியை மிதித்து உயர்த்தினார், இறக்கினார்.

"இது இல்லாம எப்படிச் சம்பாதிப்பீங்க?"

"முடியாது சார்."

"அப்ப இருக்கட்டும்." அவர் வெளியே போனார்.

மனைவி அவனைப் பிடித்து அந்த நாற்காலியிலேயே உட்காரவைத்தாள்.

உங்கள் வீட்டுக் கதவை யார் தட்டினாலும் நடுங்காமல் திறக்கிற காலம் வாய்க்கட்டும் கண்ணுகளா. நடுங்கினாலும், பக்கத்தில் கிள்ளிவிட ஒரு கை இருக்கட்டும்.