பொரியாத மக்காச்சோளம்

2008 நவம்பர் 4, செவ்வாய்க்கிழமை, அயோவா மாநிலம், டன்மோர் மாவட்டம்: லோயிஸின் காபிக் கடையில் நீல ஜாடி கழுத்துவரை நிறைந்தது, சிவப்பு ஜாடி பாதியில் நின்றது.

சோள மணி கண்ணாடியில் விழும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது, டிக், டிக், நான் அங்கே பன்றிகளுக்கு வைத்தியம் பார்க்க வந்த புதிது, நாமக்கல் கால்நடைக் கல்லூரியில் படித்தவள், ஓட்டு இல்லாதவள், காபியை ஆற்றிக்கொண்டே பார்க்கிறேன், ஜனாதிபதி தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறவர்கள் தட்டிலிருந்து ஒரு மணியை எடுத்துத் தங்கள் கட்சி ஜாடியில் போடுகிறார்கள், மறுநாள் காலை தோற்றவர்கள் ஜெயித்த ஜாடியின் சோளத்தைப் பொரித்து, வெண்ணெய் ஊற்றி, ஜெயித்தவர்களுக்குப் பரிமாற வேண்டும், அது அந்தக் கடையின் வழக்கம், அந்தப் பாப்கார்ன் சோளத்தை வருடாவருடம் கொட்டகைக்குப் பின்னால் விதைப்பவர்கள் மெர்லும் தம்பி டுவேனும், அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே அறுவடை இயந்திரம், ஒரே நீலக் கட்சி, ஒரே மேசை, அந்த மேசையில்தான் முதல் நாள் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள், வாங்க டாக்டரம்மா, உக்காருங்க, அவர்கள் பேசியது ஆங்கிலம்தான், எனக்குள் அது எப்போதும் நாமக்கல் பேச்சாகவே இறங்கும், இப்போதும் அப்படியே இறங்குகிறது.

ஊரின் இறைச்சி ஆலை மூடியது எந்த வருடம், ஞாபகம் கலங்குகிறது, ஆனால் 2016 கலங்கவில்லை, டுவேன் தட்டிலிருந்து மணியை எடுக்கிறார், எல்லோரும் பார்க்கச் சிவப்பு ஜாடியில் போடுகிறார், டேய், நம்ம அப்பன் ஆலைத் தொழிற்சங்கத்துல கொடி புடிச்ச மனுசண்டா, என்கிறார் மெர்ல், அப்பா வேலை பாத்த ஆலையே இல்லீங்ணா, சங்கத்த எங்க போய்த் தேடறது, நம்ம கட்சிக்காரங்க ஒருத்தனாச்சும் இந்தப் பக்கம் வந்து எட்டிப் பாத்தானா, மெர்ல் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார், அன்று சிவப்பு ஜாடி நிறைந்தது, மறுநாள் லோயிஸ் தனியாகப் பொரித்தாள், அதன்பின் மெர்ல் வேறு மேசையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார், கொட்டகைக்குப் பின்னால் புல் மண்டியது, 2020இல் நோய்த்தொற்றால் கடையே திறக்கவில்லை, நான் இரண்டு மேசைக்கும் நடுவில், இவர்கள் மறுபடி ஒன்றாக உட்காரவே மாட்டார்களா என்ற ஒரே கவலையோடு, முட்டையைக் கொத்திக்கொண்டிருந்தேன்.

2024இல் லோயிஸ் ஜாடிகளைத் துடைத்து வைத்தாள், சோளம் இல்லையே என்றாள், நான் வாங்கிட்டு வரேன் என்று கிளம்பினேன், நாமக்கல்காரிக்கு மக்காச்சோளம் என்றால் கோழித்தீவனம், தீவனக் கடையில் ஒரு மூட்டை, தட்டு நிறையக் கொட்டினேன், ஊரே வந்தது, பிறந்ததிலிருந்து சோளக்காட்டிலேயே கிடப்பவர்கள், மணியைக் கையில் எடுத்து ஒரு கணம் உற்றுப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், ரொம்ப நன்றிங்க டாக்டரம்மா என்று போட்டுவிட்டுப் போனார்கள், சிவப்பு ஜாடி வழிந்தது, நீல ஜாடியில் அடி மறைந்தது, அவ்வளவுதான்.

புதன் காலை லோயிஸுக்குக் கை சுளுக்கு, தோற்றவர்களில் கடையில் இருந்தது அந்த வருடம்தான் குடியுரிமையும் ஓட்டும் கிடைத்த நானும் மெர்லும், அவர் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார், சட்டியில் சோளத்தைக் கொட்டி மூடியைப் போட்டார், சட்டி சூடாகிறது, புகைகிறது, கரிகிறது, எல்லோரும் காபிக் கோப்பைக்குள் பார்க்கிறார்கள், கொஞ்சம் பொறுங்க, இப்பப் பொரிஞ்சுரும் என்கிறேன் நான், ஆமாங்க, பொரிஞ்சுரும் என்கிறார் மெர்ல், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை, டுவேனுக்குத்தான் அடக்க முடியவில்லை, அண்ணா, அது பன்னித்தீவனம்ணா, பொழுதுக்கும் வறுத்தாலும் பொரியாது, தெரியும்டா, நேத்தே தெரியும், அப்பறம் ஏன் சொல்லலீங்ணா, டாக்டரம்மா மனசு நோகுமில்ல, நீ ஏண்டா சொல்லல, நானும் அதுக்குத்தாண்ணா, கடையே சிரிப்பில் வெடித்தது, மெர்ல் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டியோடு வந்து தம்பிக்கு எதிரே உட்கார்ந்தார், ஜெயிச்சவன் நீதானே, தின்னு, டுவேன் ஒன்றைக் கடித்தார், பல்லுப் போச்சுங்ணா, ஓட்டுப் போட்டியில்ல, கடி, வர்ற சித்திரைல குளத்து மேட்டுல பாப்கார்ன் போட்டரலாம்டா, அங்க வேண்டாங்ணா, காத்துல சாயும், அங்கதாண்டா போடுவேன், நான் என் நாற்காலியை அவர்கள் மேசைக்கு இழுத்துக்கொண்டேன்.

2025 மே மாதம், டன்மோர் மாவட்டம்: மெர்ல் நீல ஜாடியிலும் டுவேன் சிவப்பு ஜாடியிலும் விதை கொண்டுபோனார்கள். குளத்து மேட்டில் விதைத்தார்கள். ஜூலைக் காற்றில் பாதி சாய்ந்தது.