பினோயின் புத்திசாலிச் சுட்டி

காக்கநாட்டில் எங்கள் அலுவலகத்துக்கு பினோய் ஒரு குட்டிச் சக்கரவர்த்தி. நீளமான இணைய முகவரியை நாலெழுத்தில் சுருக்கித் தரும் சேவைகள் உலகில் எத்தனையோ இருக்க, இன்னொன்றை அவர் எழுதினார். எழுதிய நாளிலிருந்து அவர் காலே தரையில் படவில்லை. தன்னுடையது புத்திசாலி என்பார். யாராவது அந்தச் சுருக்கிய சுட்டியைத் தொட்டால், அது முதலில் தானே கடைசிவரை போய், அங்கே பக்கம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஆளை அனுப்புமாம்.

ஓணத்துக்கு ஒரு போட்டி வைத்தார். சத்யா என்கிற ஓண இலைவிருந்தின் அழைப்புப் பக்கத்தைச் சுருக்கி, சுருக்கியதை வேறொரு சேவையில் மறுபடி சுருக்கிக்கொண்டே போக வேண்டும். நீளமான சங்கிலிக்கு ஒரு நேந்திரம்பழக் குலை பரிசு. ஒரு கண்ணியாவது அவருடைய சேவையாக இருக்க வேண்டும். விதி போடாவிட்டால் அதை யார் சீண்டுவார்கள்?

மென்பொருளைச் சோதிக்கும் ஷெரின் என் பக்கத்து மேசைக்காரி. சங்கிலி வட்டமாகிவிட்டால் உங்களுடையது எங்கே போய் நிற்கும் என்று பினோயிடம் கேட்டாள்.

"வட்டம் எப்படிம்மா வரும்? சுருக்கினப்புறம்தானே பேரே கிடைக்கும்."

"பேரை நாமளே வச்சுக்கலாம்னு விட்டிருக்கீங்களே சேட்டா."

"உங்க டெஸ்டிங் கூட்டத்துக்கு குத்தம் சொல்லலைன்னா சோறு எறங்காது. போ, பண்ணிக் காட்டு."

காட்டினாள். வெளிச் சேவை ஒன்றில், பினோயின் சேவையில் இன்னும் பிறக்காத 'மாவேலி' என்ற பெயரை நோக்கி ஒரு சுட்டி செய்தாள். பிறகு அவருடைய சேவையில் 'மாவேலி'யை உண்டாக்கி, அதை அந்த முதல் சுட்டிக்கே திருப்பிவிட்டாள். அலுவலக அரட்டைக் குழுவில் போட்டதும் பினோயே முதலில் தொட்டார்.

புத்திசாலி கடைசியைத் தேடிக் கிளம்பியது. சுற்றிச் சுற்றித் தன்னையே விசாரித்து, மூச்சுமுட்டிப் படுத்தது. கூடவே முதலாளி வர்க்கி சார் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய ஓண வாழ்த்தும் திறக்காமல் போனது. அதையும் தன் சுட்டியில்தான் அனுப்ப வேண்டும் என்று அடம்பிடித்தவர் பினோய்.

ஷெரின் அலுவலகத்தையே தாக்கிவிட்டதாக அவர் வர்க்கி சாரிடம் புகார் சொன்னார். சார் இரண்டு பேரையும் விசாரித்துவிட்டு பினோயைப் பார்த்தார்.

"இப்படி ஆகும்னு அந்தப் பொண்ணு முன்னாடியே கேட்டுச்சுல்ல? கொஞ்சம் சுத்தினதும் நிறுத்துன்னு ஒரு வரி எழுத உங்களுக்கு என்ன கேடு?"

பினோய் கட்டமைப்பு, கொள்ளளவு என்று ஏதோ முனகினார். அந்த வரியையும் ஷெரின்தான் எழுதிக் கொடுத்தாள். பரிசு மட்டும் அவளுக்கு இல்லை. வட்டத்துக்கு நீளம் கிடையாதாம். குலை, நாலே கண்ணி கோத்திருந்த, எங்களோடு வேலை செய்யும் பினோயின் மச்சானுக்குப் போனது.

சத்யா விருந்தன்று எல்லோரும் இலை முன் உட்கார்ந்திருக்க, வட்டத்தைத் தடுக்கத் தான் புதிதாகச் சேர்த்த பாதுகாப்பைப் பற்றி பினோய் நீட்டி முழக்கினார். நாங்கள் பப்படத்தை நொறுக்கிக்கொண்டு கேட்டோம். ஷெரின் நிமிரக்கூட இல்லை. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு இன்னொரு கரண்டி பாலடைப் பாயசம் கேட்டாள்.