மரியாதைத் தகரம்

மலாய் பேசும் ஊர் ஒன்றின் ஆற்றங்கரையில் மிளகும் கொப்பரையும் ஏற்றுமதி செய்த அந்த வெள்ளைக்காரக் கம்பெனியில் இரண்டே பேர்தான் நாற்காலியில் சாய்ந்து உட்காரலாம். ஒருவர் மாடியில் இருந்த துரை. இன்னொருவர் கீழே இருந்த தலைமைக் குமாஸ்தா, அதாவது பெரிய கிராணி, பாலகிருஷ்ணன். மற்ற கிராணிகளுக்கும் நாற்காலி உண்டு, முதுகு மட்டும் அதில் படக்கூடாது. பட்டால் அது அகம்பாவம் என்று பெரிய கிராணி கண்டுபிடித்திருந்தார்.

அகம்பாவத்துக்கும், கூட்டலில் பிசகியதற்கும், தம் நகைச்சுவைக்குத் தாமதமாகச் சிரித்ததற்கும் அவர் ஒரே தண்டனைதான் வைத்திருந்தார். குற்றவாளியின் நாற்காலி சுவரோரம் போய்விடும். அதன் இடத்தில் காலி மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றைக் கவிழ்த்து வைப்பார்கள். அதன்மேல் குற்றவாளி உட்கார வேண்டும். அந்தத் தகரத்தின் நடு வயிறு எப்போதோ நெளிந்து போனது. கொஞ்சம் அசைந்தால் 'டொக்' என்று உள்ளே போகும், மறுபடி அசைந்தால் 'டங்' என்று வெளியே வரும். ஒவ்வொரு 'டங்'குக்கும் மற்றவர்கள் சிரிக்க வேண்டும். சிரிக்காதவன்தான் அடுத்த தகரக்காரன்.

இந்தச் சத்தம் மாடிக்கும் கேட்கும். துரை அதைச் சரக்குக் கட்டும் சத்தம் என்று முடிவு செய்திருந்தார். தம் ஆட்களின் உழைப்பைக் காதாலேயே அளந்துவிடுவதாக விருந்துகளில் சொல்லிக்கொள்வார். லண்டனில் இருந்த முதலாளிகளுக்கும் அப்படியே எழுதியிருந்தார். அவர்களும் அவருடைய காதை மெச்சிப் பதில் போட்டிருந்தார்கள்.

தகரத்தில் அதிகம் குடியிருந்தவர் ஒலி முகம்மது. வேலையில் சுத்தமான மனிதர். ஆனால் அவருக்குச் சிரிப்பு வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். பெரிய கிராணியின் நகைச்சுவைக்கு இன்னும் கூடுதலாகப் பிடிக்கும்.

பினாங்கில் ஒரு கப்பல் ஆபீசில் மைத்துனன் அவருக்கு இடம் பார்த்து வைத்திருந்தான். அதற்குத் துரையின் கையெழுத்துப் போட்ட நற்சான்று வேண்டும். கம்பெனி வழக்கப்படி, விலகுகிறவருக்கு மாலை போட்டு, எல்லோரும் சேர்ந்து போட்டோ பிடித்து, தேநீர் குடித்த பிறகுதான் துரை நற்சான்றில் கையெழுத்திடுவார். அதற்கு முன், "குறை ஏதாவது உண்டா?" என்று கேட்பார். துரைக்குத் தமிழ் தெரியாது. மலாய் நாலைந்து வார்த்தை தெரியும், அதுவும் ரிக்ஷாக்காரனிடம் பேசும் அளவுக்குத்தான். மற்ற கிராணிகளுக்கோ ஆங்கிலம் எழுத வரும், பேச வராது. ஆகவே குறைகளைத் துரைக்கு மொழிபெயர்த்துச் சொல்பவர் பெரிய கிராணி. முன்பு விலகிப் போன ஒருவர் அழுதுகொண்டே தகரத்தைப் பற்றி முழுக்கச் சொன்னார். கம்பெனியைப் பிரியும் துக்கம் தாங்காமல் அழுகிறார் என்று பெரிய கிராணி மொழிபெயர்த்தார். துரை மனமுருகித் தம் கைக்குட்டையைக் கொடுத்தனுப்பினார்.

ஒலி முகம்மது பேசாமல் போய்விடலாம் என்றுதான் இருந்தார். வாயைத் திறந்து, நற்சான்று கைநழுவிப் போனால், பினாங்கும் போய்விடும். ஆனால் அவருடைய மேசைக்கு வரப்போகிறவர் சின்னக் கிராணி செல்லக்கண்ணு. விடைபெறும் நாளுக்கு முந்தின மாலை தேநீர்க் கடையில் அவர் ஒலி முகம்மதுவைக் குறை சொல்லவில்லை. தம்மைப் பற்றித்தான் கவலைப்பட்டார்.

"நீங்க போறீங்க, ஒலி நானா. இனிமே தகரம் எனக்குத்தான். எனக்குச் சிரிப்பு வேகமாத்தான் வருது, ஆனா தப்பான இடத்துல வந்துடுது."

ஜாலான் புசார் பக்கத்துச் சந்தில் இருந்த வீட்டில் அன்றிரவு மனைவி ருக்கையா, கையெழுத்தை வாங்கிக்கொண்டு கப்பலில் ஏறிய பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கத்துங்கள் என்று புத்தி சொன்னாள். அவரும் சரியென்று தலையாட்டினார். சோறு வைத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று கையை நிறுத்தினாள். அவர் தம் சொந்த வீட்டில், சொந்தப் பாயில், மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"ஏன் மச்சான் அசையாம உக்காந்திருக்கீங்க? இங்க யாரு சிரிக்கப் போறா? பினாங்குக்கும் அந்தத் தகரத்தைச் சுமந்துகிட்டுத்தான் வரப்போறீங்களா?"

ஒலி முகம்மதுவுக்குச் சோறு இறங்கவில்லை. தகரத்தைச் சுமப்பது என்ற யோசனை மட்டும் உள்ளே இறங்கிவிட்டது.

மறுநாள் முற்றத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்கள். சீனப் போட்டோக்காரர் மூன்று கால் பெட்டியை நட்டு வைத்தார். நடுவில் துரை. ஒரு பக்கம் பெரிய கிராணி, புதுத் தலைப்பாகையும் தங்கச் சங்கிலியுமாக. மறு பக்கம் மாலை போட்ட ஒலி முகம்மதுவுக்கு நாற்காலி. மற்றவர்கள் பின்னால் நின்றார்கள். ஒலி முகம்மது உட்காரவில்லை. மாலையோடு உள்ளே போனார், தகரத்தோடு வந்தார். நாற்காலியை நகர்த்திவிட்டு, தகரத்தைக் கவிழ்த்து வைத்து அதில் உட்கார்ந்தார். பெரிய கிராணிக்குக் கோபத்தில் மீசை துடித்தது. ஆனால் அதற்குள் போட்டோக்காரர் யாரும் அசையக்கூடாது என்று கையைக் காட்டிவிட்டுக் கறுப்புத் துணிக்குள் நுழைந்துவிட்டார்.

முற்றமே அமைதியாக இருந்தது.

'டொக்.'

துரையின் காது நிமிர்ந்தது.

'டங்.'

துரை திரும்பினார். போட்டோ கெட்டுப்போனது. தினமும் மாடியில் கேட்டுப் பழகிய உழைப்பு, பக்கத்தில் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இது என்ன என்று கேட்டார்.

"தப்புப் பண்ணினவங்களைப் பெரிய கிராணி இதுலதான் உக்கார வைப்பாரு, துரை. சத்தம் வந்தா எல்லாரும் சிரிக்கணும்," என்றார் ஒலி முகம்மது.

பெரிய கிராணி தொண்டையைச் செருமிக்கொண்டு மொழிபெயர்த்தார். தமிழர் வழக்கத்தில் தகர ஆசனம் என்பது மிகப் பெரிய மரியாதை, தகுதி உள்ளவர்களுக்கு மட்டுமே அதை அளிப்போம் என்றார். துரை தலையசைத்துப் புன்னகைத்தார்.

ஒலி முகம்மது தம் நற்சான்றை நினைத்தார். பின்னால் நின்ற செல்லக்கண்ணுவின் மூச்சுச் சத்தம் காதில் விழுந்தது. தகரத்தைத் தட்டிக் காட்டி, ரிக்ஷாக்காரனுக்குப் புரியும் மலாயில், தப்புச் செய்தால் இங்கே உட்கார், இவர் உத்தரவு, என்று சொல்லிப் பெரிய கிராணியைக் கைகாட்டினார்.

துரையின் புன்னகை மெல்ல வற்றியது. ஒலி முகம்மதுவை எழுப்பிவிட்டுத் தாமே தகரத்தில் உட்கார்ந்தார். 'டொக்', 'டங்' என்றது. கிராணிகள் பழக்க தோஷத்தில் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகப் பயந்துபோனார்கள். துரைக்கு எல்லாம் புரிந்துவிட்டது. லண்டனுக்கு எழுதியது என்ன சத்தம் என்பதும் சேர்த்துப் புரிந்துவிட்டது. பெரிய கிராணியைத் தண்டித்தால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் அவர் காதின் கதை சந்தி சிரிக்கும்.

அவர் எழுந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். இவ்வளவு பெரிய மரியாதையைச் சின்னக் கிராணிகளுக்கு வாரி இறைத்த பெரிய கிராணியின் பெருந்தன்மையை மெச்சினார். இனி இந்த ஆசனம் பெரிய கிராணிக்கு மட்டுமே உரியது, வேறு யாரும் அதில் உட்காரக்கூடாது, இன்றிலிருந்தே, என்று அறிவித்தார். இதை அவையோருக்கு மொழிபெயர்க்கும்படி பெரிய கிராணியிடமே சொன்னார். அவரும் மொழிபெயர்த்தார். அந்த ஒருமுறை ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

துரை தேநீருக்குக்கூடக் காத்திராமல் நற்சான்றில் கையெழுத்துப் போட்டார். மறுபடி எல்லோரும் வரிசைக்கு வந்தார்கள். தலைப்பாகையும் தங்கச் சங்கிலியுமாகப் பெரிய கிராணி தகரத்தில் ஏறினார். ஒலி முகம்மது தம் நாற்காலியில் உட்கார்ந்து, முதுகு முழுவதும் படும்படி சாய்ந்துகொண்டார். போட்டோக்காரர் கையைக் காட்டிவிட்டுத் துணிக்குள் போனார்.

'டொக்', 'டங்' என்றது தகரம்.

செல்லக்கண்ணு சிரித்தார். சரியான இடத்தில்தான்.