துள்ளாத தலை

சாரம் கட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எத்தனை மாடியானாலும் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஏறுவார் என்பதால் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் பல்லி. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வேலை விட்டால் நேராக அறைதான். ஒரு தட்டு, ஒரு டம்ளர், கழுவிக் கவிழ்த்தால் பொழுது முடிந்தது. மகள் கல்யாணமாகித் தொலைவில் இருந்தாள்.

தொழிலாளர்கள் ஆபத்தை எப்படிக் கண்டுகொள்கிறார்கள் என்று ஆராய ஒரு பெண் வந்தாள். மூளையின் அலையைக் கோடாகக் காட்டும் ஒயர் வைத்த தொப்பியைப் பல்லியின் தலையில் மாட்டி, கணினியில் கட்டடப் படங்களைக் காட்டி, ஆபத்து எங்கே என்று கேட்டாள். மண்டைக்குள் ஏதாவது இருந்தால்தானே தெரியும் என்று வெளியே நின்ற ஆட்கள் சிரித்தார்கள். மூடாத குழி, கைப்பிடி இல்லாத படி, நைந்த கயிறு, பல்லி ஒன்றையும் விடவில்லை. அவளோ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாமே சரிதான். ஆனா ஆபத்தைப் பார்த்தா மத்தவங்களுக்கு இங்க ஒரு துள்ளல் தெரியும். உங்களுக்குக் கோடு அசையவே இல்ல."

நல்லதா கெட்டதா என்று கேட்டார். ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது, ஆளுக்கு ஆள் சுபாவம் வேறு என்று தயங்கினாள். பிறகு, "வீட்ல யாரு இருக்காங்க?" என்றாள்.

"யாருமில்லம்மா."

அவள் தொப்பியைக் கழற்றி, ஒயருக்காகத் தடவி முடியில் ஒட்டியிருந்த பசையைத் துண்டால் மெல்லத் துடைத்துவிட்டாள். அவர் தலையில் ஒரு கை பட்டு எவ்வளவோ காலமாயிற்று. இன்னும் கொஞ்சம் பசை இருக்கக்கூடாதா என்றிருந்தது.

மறுநாள் உச்சியில் நின்று குழாயை முடுக்கிக்கொண்டிருந்தவர், தற்செயலாகக் குனிந்தார். இடுப்பு பெல்ட்டின் கொக்கி எதிலும் மாட்டாமல் தொங்கியது. கீழே லாரிகள் தீப்பெட்டிகளாகத் தெரிந்தன. வயிறு கலங்கவில்லை, கை நடுங்கவில்லை. எப்போதிலிருந்து இப்படி ஏறுகிறோம் என்று யோசித்தார். தெரியவில்லை. கொக்கியை மாட்டி மாட்டி இறங்கி, மேஸ்திரியிடம் தரையில் வேலை கேட்டார்.

"பல்லிக்குத் தரையில என்னப்பா வேலை?"

"பயம் வரமாட்டேங்குதுண்ணே."

மேஸ்திரி சிரிப்பை விழுங்கிக்கொண்டு, துருப்பிடித்த திருகாணிகளைப் பொறுக்கச் சொன்னார். மேலே பேச்சும் கேலியும் கேட்டன. கீழே அவர் மட்டும்.

சாப்பாட்டு நேரத்தில் மகளைக் கூப்பிட்டார். வழக்கமில்லாத நேரம் என்று அவள் பதறினாள். ஒன்றுமில்லை, முட்டி வலி, கீழே மாறிக்கொண்டேன் என்றார்.

"கீழயே இருங்கப்பா. நீங்க மேல நிக்கிறதை நினைச்சாலே எனக்குக் குலை நடுங்கும்."

இத்தனை வருஷத்தில் அவள் இதைச் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. "சரிம்மா" என்றார். அவள் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.