வெல்டரின் வலது கண்

கடிதம் வந்த அன்று பேராசிரியர் ஆய்வகத்தின் ஐந்து பேரையும் கூப்பிட்டு அதை வாசித்துக் காட்டினார். பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து பிறந்த நிறுவனங்களில் அந்த ஆண்டின் சிறந்த புதுமைக்கான விருது அவர்களுக்குக் கிடைத்திருந்தது. எல்லோரும் அக்கா என்றழைக்கும் ஆய்வக உதவியாளர் மட்டும், “பத்து நிமிஷம் மேடம், இதுங்களுக்குச் சாப்பாடு மாத்திட்டு வந்துடறேன்” என்று கையுறையோடு திரும்பிப் போய்விட்டார்.

இதுங்கள் என்றால் செல்கள். அமிலம் பட்டு வெந்த கண்ணின் முன்பரப்பு பல நேரம் தானாக ஆறுவதில்லை. நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து அரிசி முனையளவு திசுவை எடுத்து, ஒரு மெல்லிய படலத்தின் மேல் இரண்டு வாரம் வளர்த்து, வெந்த கண்ணில் பொருத்துவார்கள். அந்தப் படலம்தான் பேராசிரியரின் கண்டுபிடிப்பு. பல்கலைக்கழகத்தின் பழைய புத்தகக் கிடங்கில் இரண்டு அறைகளை வாங்கி அவர் நிறுவனம் தொடங்கியபோது, கட்டுரை எழுதத் தெரிந்தவர்கள் பலர் வந்தார்கள். செல்களைச் சாகவிடாமல் வளர்க்கத் தெரிந்தவர் அக்கா ஒருவர்தான். ஒன்றுவிட்டு ஒரு நாள் ஊட்டக் கரைசலை மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்க முடியாது, சொந்தக்காரர் கல்யாணம் என்றும் பார்க்க முடியாது. “கைக்குழந்தைக்காரி மாதிரி ஓடுறா” என்று அவர் கணவர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

முதலில் சிகிச்சை பெற்றவர் ஒரு வெல்டர். பழைய தொட்டியை வெட்டும்போது உள்ளே தேங்கியிருந்த அமிலம் தெறித்து வலது கண் போயிற்று. நான்கு ஆண்டுகளாக அந்தக் கண்ணுக்கு வெளிச்சம், இருட்டு தவிர வேறெதுவும் தெரியவில்லை. முதல் படலம் ஒட்டாமல் உரிந்து வந்துவிட்டது. இரண்டாவது பிடித்துக்கொண்டது. இந்த இரண்டையும் வளர்த்த அக்கா அவரை நேரில் பார்த்ததே இல்லை. அக்காவுக்கு அவர், செல் வளர்க்கும் தட்டின் மூடியில் எழுதிய ‘1’ என்ற எண்தான்.

பல்கலைக்கழகத்திலேயே நடந்த விழாவுக்கு வெல்டர் மனைவியோடு வந்திருந்தார். கைதட்டல் ஓய்ந்து, கேடயம் கைமாறியதும், அவர் பேராசிரியரிடம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். தன் கண் வளர்ந்த இடத்தைப் பார்க்க முடியுமா என்று.

வெள்ளை அங்கியும் தலையுறையும் மாட்டி அவர்களை ஆய்வகத்துக்குள் கூட்டிப்போனார்கள். அவருடைய செல்களில் மிச்சத்தை உறைய வைத்திருந்தார்கள். அவர் விழாவுக்கு வருவது தெரிந்து, அக்கா போன வாரமே அவற்றை எழுப்பி வளர்த்திருந்தார். தட்டை நுண்ணோக்கியில் வைத்து நகர்ந்து நின்றார்.

வெல்டர் குனிந்து வலது கண்ணை வைத்தார். என்ன தெரிகிறது என்று மனைவி மெல்லக் கேட்டார்.

“கூழாங்கல் பதிச்ச தரை மாதிரி இருக்கு,” என்றார். பிறகு அக்காவிடம், “இதுவா என் கண்ணுல இருக்கு?”

“இதோட கூடப்பொறந்ததுங்கண்ணா. அதுங்க உங்ககிட்ட வந்துடுச்சு. இதுங்க இங்கேயே தங்கிடுச்சு.”

“ஒண்ணு மட்டும் உருண்டையா நிக்குதே தங்கச்சி. செத்துப்போச்சா?”

அக்கா நுண்ணோக்கியின் இன்னொரு பார்வைக் குழலில் எட்டிப் பார்த்தார். “இல்லண்ணா, ரெண்டாகப் போகுது. கண்ண எடுக்காதீங்க.”

கேடயத்தோடு எல்லோரையும் படமெடுக்க வாசலில் ஒருவர் காத்திருந்தார். அவரும் உள்ளே எட்டிப் பார்த்து நின்றுவிட்டார். பத்து நிமிடம் போயிற்று.

“நடுவுல இடுப்பு மாதிரி ஒடுங்குது,” என்றார் வெல்டர். சற்றுப் பொறுத்து, “பிரிஞ்சிடுச்சு.”

அவர் நிமிர்ந்தபோது இரண்டு கண்களிலும் தண்ணீர். அக்கா இதை ஆயிரம் முறை பார்த்தவர்தான். ஆனாலும் இந்த முறை தானும் கடைசிவரை கண்ணை எடுக்கவில்லை. தயக்கத்தோடு கேட்டார்.

“உங்க கண்ண ஒரு தடவ கிட்டப் பாத்துக்கட்டுமாண்ணா?”

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் காட்டினார். அக்கா நெருங்கிப் பார்த்தார். பழுப்பு நிறக் கருவிழியின் மேல் ஜன்னல் சின்னதாக, தெளிவாகத் தெரிந்தது. தான் வளர்த்தது எங்கே முடிகிறது, அவருடையது எங்கே தொடங்குகிறது என்று அக்காவால் கண்டுபிடிக்கவே முடியவில்லை.