மூன்று கல்லூரிகள் பெண் கேட்டு வந்தது

அறுவடை முடிந்த ஏப்ரலில் பாசிலியோவின் வயலில் மூன்று கல்லூரிகள் வந்து உட்கார்ந்தன. அந்த வாரம் பனாய் தீவில் மீன் விலை சற்று இறங்கியிருந்தது, மாம்பழம் ஏறியிருந்தது. மணிலாவின் பெரிய கல் கட்டடம் கடல் வழியாக வந்ததால் தூண்களில் சிப்பி ஒட்டியிருந்தது. நகரத்து நர்சிங் கல்லூரி பஸ் போகிற சாலையோடு, வெள்ளைச் சுவரில் பொட்டு அழுக்கில்லாமல் வந்து சேர்ந்தது. மூன்றாவது, ஆற்றுக்கு அக்கரையில் தகரக் கூரையோடு இருந்த அரசுக் கல்லூரி. பக்கத்து ஊர்தானே என்று அது முகம்கூடக் கழுவாமல் எழுந்து வந்துவிட்டது.

மூன்றும் வந்தது பாசிலியோவின் ஒரே மகள் தலிசாய்க்காக. டாக்டராக வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். அந்த நாட்டில் எடுத்த எடுப்பில் மருத்துவம் படிக்க முடியாது. முதலில் வேறொரு பட்டம், பிறகு நுழைவுத் தேர்வு, அதன் பிறகுதான் மருத்துவக் கல்லூரி. அந்த முதல் பட்டத்தை எங்கே படிப்பது என்பதில்தான் ஊர் இரண்டுபட்டது. மணிலாவில் உயிரியல் படித்தால் பேருக்குப் பேர் என்றார்கள் சிலர். நர்சிங் படித்துவைத்தால் டாக்டர் படிப்பு கிடைக்காவிட்டாலும் குவைத் இருக்கிறது என்றாள், குவைத்திலேயே நர்சாக இருந்த அத்தை. தகரக் கூரையைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை.

வேறு தகப்பனாக இருந்தால் வாயெல்லாம் பல்லாக நின்றிருப்பான். பாசிலியோவுக்கோ அந்தக் காலத்து முறை நினைவுக்கு வந்தது. பெண் கேட்டு வருகிறவன் பெண் வீட்டுக்குத் தண்ணீர் சுமக்க வேண்டும், விறகு பிளக்க வேண்டும். சம்மதம் சட்டென்று கிடைத்துவிடாது. "வேல செய்யட்டும், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் தன் சண்டைச் சேவலைக் குளிப்பாட்டப் போய்விட்டார்.

கல்லூரிகளும் வேலை செய்தன. மணிலாக் கல்லூரிக்குக் குனிந்து பழக்கமில்லை. தன் காவலாளியை அனுப்பி விறகு பிளக்க வைத்தது, அவர் சீருடையைக் கிழித்துக்கொண்டதுதான் மிச்சம். நர்சிங் கல்லூரி வீட்டில் எல்லாருக்கும் காலை மாலை ரத்த அழுத்தம் பார்த்தது, பன்றியையும் எருமையையும் விடவில்லை. தகரக் கூரை தண்ணீர் சுமந்தது. மழைக்காலம் வந்தது, போனது, மறுபடியும் வந்தது. இத்தனைக்கும் உள்ளே வகுப்புகள் நிற்கவில்லை. ஊர்ப் பிள்ளைகள் வரப்பில் நடந்துபோய்ச் சேர்ந்து படித்தார்கள். வீட்டுப் பெண் மட்டும் சமையலறை ஜன்னலோரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இது கல்யாணப் பேச்சு இல்ல. என்கூடப் படிச்சவங்க எல்லாம் ரெண்டாம் வருஷம் போயிட்டாங்க."

"அவசரப்பட்டா எளக்காரமாப் போயிடும், இந்தாய்" என்றார் அவர், மகளைச் செல்லமாகக் கூப்பிடும் பேரில். " உங்கம்மாவுக்காக நான் மூணு வருஷம் தண்ணி சுமந்தேன். கேட்டுப் பாரு."

மீன் ஆய்ந்துகொண்டிருந்த நெனிதா நிமிரவே இல்லை. "மொத மாசமே எனக்குச் சம்மதந்தான். எங்கப்பாவுக்குத்தான் தண்ணி தேவப்பட்டுச்சு."

நியாயமாகப் பார்த்தால் மனுஷன் வெட்கப்பட்டிருக்க வேண்டும். அவர் எருமையைத் திட்டிக்கொண்டே வெளியே போனார்.

தலிசாய் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வயலில் இறங்கினாள். மூன்றிடமும் ஒரே கேள்விதான் கேட்டாள்: "நுழைவுத் தேர்வுல நான் தோத்துட்டா?" மணிலாக் கல்லூரி மணியை அடித்துப் பேச்சை மாற்றியது. நர்சிங் கல்லூரி குவைத்தின் வெயிலைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னது. தகரக் கூரையின் ஜன்னலில் வேதியியல் வாத்தியாரம்மா ஒருத்தி தலையை நீட்டி, "மறுபடி எழுது. வேற என்னடி?" என்றாள். அப்போதுதான் தலிசாய் கவனித்தாள். அந்தக் கல்லூரி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து சமையலறைச் சுவரை ஒட்டி வந்திருந்தது. பாத்திரச் சத்தத்தை மீறிக் கேட்கட்டும் என்று வாத்தியாரம்மா தொண்டை கட்டுகிற அளவுக்குக் கத்திக்கத்திப் பாடம் நடத்தியிருக்கிறாள்.

"அப்ப நீதான்" என்றாள் தலிசாய்.

அங்கே படித்து, தேர்வில் ஒருமுறை தோற்று, மறுபடி எழுதி அவள் டாக்டரானது ஊரறிந்த சங்கதி. மற்ற இரண்டும் வயலிலேயே தங்கிவிட்டன. பாசிலியோ அவற்றைச் சுற்றி நாற்று நட்டுக்கொண்டார். அதுகளுக்கும் ஒரு நல்ல இடம் அமையாமலா போகும் என்று நெனிதா சொல்லிக்கொண்டிருந்தாள்.

தகரக் கூரை அவளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட அன்று பாசிலியோ செருப்பில்லாமல் ஆற்றங்கரை வரை கூடவே ஓடினார். பாவமாகத்தான் இருந்தது.

"மொறயும் இல்ல, மண்ணும் இல்ல, இந்தாய்! நீ போயிட்டா வீடு வெறிச்சோடிப் போயிடும்னு பயந்துட்டேன்!"

"தெரியும்ப்பா" என்றாள் அவள் ஜன்னலிலிருந்து. "அதனாலதான் இத்தன நாள் இருந்தேன்."

கல்லூரி ஆற்றில் இறங்கியது. தண்ணீர் அன்று குறைவுதான், ஜன்னல் விளிம்புக்குக் கீழேயே நின்றது, வகுப்பு தடைபடவில்லை. மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் வலையைச் சுருட்டி வழிவிட்டார்கள்.